பஸ்லா வீட்டுச் சாப்பாட்டு மேசை

பஸ்லாவின் வீட்டைப் பார்த்துச் சிரிக்காத வாய் அந்த ஊரில் இல்லை. எட்டிப் பார்க்காமல் கடந்து போன கண்ணும் இல்லை. உக்குவளையில் நின்று கிளம்பும் ரயில் மாத்தளைப் பக்கம் போகும்போது, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, சுண்ணாம்பை அள்ளி அப்பினாற்போல ஒரு வெள்ளை வீடு தெரியும். வாசல் நேராக இருக்காது, வில்லை வளைத்து வைத்ததுபோல் வளைந்திருக்கும். சன்னலில் பாகல்கொடி மாதிரிச் சுருண்ட கறுப்பு இரும்பு. சுவரெல்லாம் செம்மண் சட்டி தொங்கும், சட்டிக்குள் செடி. படிக்கட்டின் முகத்தில் நீலமும் மஞ்சளுமாய்ப் பூப்போட்ட டைல். போதாததற்கு ஒரு மாட்டுவண்டிச் சில்லு, மாடும் இல்லாமல் வண்டியும் இல்லாமல், முற்றத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும்.

ரயிலில் போகிறவர்கள், "யாரோ பணக்காரர் வீடு" என்பார்கள். ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வார்களா? அவர்கள் வைத்த பெயர் கத்தாமா வீடு. அரபு நாட்டில் வீட்டு வேலைக்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை இந்த ஊருக்குக் கொண்டுவந்து பஸ்லாவின் தலையில் கட்டியது வேறு யாருமில்லை, அவளுடைய மாமியார் அபீபாதான்.

பஸ்லா மாத்தளை டவுனில் ஒரு தையல்காரரின் மகள். முஸம்மிலுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். முஸம்மில் தோட்டந்தோட்டமாய்ப் போய் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிற மனிதர். நல்லவர்தான். நல்லவர் என்றால், யாருடைய முகத்துக்கு நேரேயும் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான அடுத்த வருஷமே விடாத மழையில் மிளகு பூஞ்சணம் பூத்து வியாபாரம் படுத்துவிட்டது. "வந்தவள்ட கால் சரியில்ல" என்றாள் அபீபா மாமி. பிள்ளையும் தங்கவில்லை. "வயிறும் சரியில்ல" என்றாள். கடைசியில் பஸ்லா குவைத்துக்குப் போகக் கிளம்பியபோது, மாமி அதற்கும் ஒன்று வைத்திருந்தாள். "இனிக் கையும் சரியில்லாமப் போகும்."

அவளுக்கு வாய்த்தது அரபிக்காரர் வீடு அல்ல. அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஸ்பெயின் தேசத்து டொக்டர் பெண் ஒருத்தியின் வீடு. வெள்ளைச் சுவர், வளைந்த வாசல், பூப்போட்ட டைல், இரும்பு விளக்கு, நடுவில் நீளமாய் ஒரு கறுத்த மரமேசை. எல்லாம் பழசு, எல்லாம் ஊரிலிருந்து கப்பலில் வந்தவை. அந்த டொக்டரம்மா தங்கமான மனுஷி என்று சொல்லிவிட முடியாது. ஒரு கண்ணாடிக் கோப்பை உடைந்தால் மூன்று பாஷையில் ஏசுவாள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் அந்த மேசை நிறைய ஆட்கள் உட்காருவார்கள். பஸ்லா ஆக்கிய இறைச்சிக் கறியை நடுவில் வைத்தால், ரொட்டித் துண்டால் சட்டியின் அடியைத் துடைத்துத் துடைத்துத் தின்பார்கள். சட்டியைக் கழுவ எடுத்துப்போகும்போது அதில் கழுவ ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்த அன்றைக்கே பஸ்லா மனதுக்குள் ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு வீடு. இப்படி ஒரு மேசை. அதில் தன் புருஷனின் சனம் உட்கார்ந்து தன் கையால் ஆக்கியதைத் தின்ன வேண்டும்.

பல வருஷம் உழைத்துத் திரும்பி வந்தாள். வந்த கையோடு மாமிக்குப் பிடித்த இனிப்பு, வட்டிலப்பம் அவித்து, துணியில் கட்டிக்கொண்டு மேலே போனாள். மாமி வீடு மலைச்சரிவில், கல்படி ஏறிப் போகவேண்டும். மாமியின் மூத்த மகள் மஸூதா அவளோடு அங்கேயே இருந்தாள். மாமி துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஹராம் ஆக்கின கையால நான் திங்கமாட்டேன்."

"அந்த நாட்டுல பண்டி எறச்சி கடையிலேயே விக்க விடமாட்டாங்க மாமி. நான் அதக் கண்ணால கண்டதில்ல."

"கண்ணால காணாதத இல்லேன்னு எப்படிச் செல்ற?" என்றாள் மாமி.

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களால் முடிந்தால் சொல்லுங்கள். பஸ்லா வட்டிலப்பத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து அவ்வளவையும் தானே தின்றாள்.

பிறகுதான் வீட்டு வேலை ஆரம்பித்தது. கொத்து வேலைக்கு மேசன் பாஸாக வந்தவர் கிஷாந்த், தோட்டப்பக்கத்து ஆள், கைதேர்ந்தவர். பஸ்லா தொலைபேசியில் படத்தைக் காட்டி, சுவர் இப்படிக் கரடுமுரடாய்த் தெரியவேண்டும் என்றதும் அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, செவுத்த நேரா பூசத்தான் நான் தொழில் கத்துக்கிட்டேன். இப்புடி கோணலா பூசுனேன்னு வைங்க, நாளைக்கு ஒருத்தனும் என்னைய கூப்புட மாட்டான்."

"மட்டக்கட்டைய வீட்டுல வச்சிட்டு வாங்க பாஸ். நான் ஒருத்தி கூப்பிடுவேன்."

பூசி முடிந்த அன்று மஸூதா பார்க்க வந்தாள். சுவரைக் கையால் தடவி, விரலை முகர்ந்துகூடப் பார்த்தாள். "பாஸ் குடிச்சிட்டா பூசினான்?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. தெளிவா இருந்துதான் பூசினார்."

"அப்ப நீதான் தெளிவில்ல."

யட்டவத்தையில் பழைய சாமான் வியாபாரம் செய்கிற மர்சூக் என்று ஒருவன் இருந்தான். இடித்த வீட்டுக் கதவு, கால் உடைந்த அலுமாரி, துரைமார் பங்களாவில் கிடந்த கண்ணாடி, பித்தளைச் சாமான் எல்லாம் அவனிடம் மலைபோல் கிடக்கும். பஸ்லா வாரத்துக்கு ஒரு தடவை அங்கே போய்த் தூசிக்குள் தலையை விட்டுக்கொள்வாள். நல்ல கண் அவளுக்கு. கரி பிடித்த ஒரு தகரத்தைத் தேய்த்து மாட்டினால் அது சுவரில் நிலா மாதிரி நிற்கும். அதை யாரும் மறுக்கமுடியாது, அவளைப் பிடிக்காதவர்களும் மறுக்கமுடியாது. ஆனால் பிழையும் பட்டது. ஒருமுறை பித்தளைப் படிக்கம் ஒன்று வாங்கி வந்து ரோசாப்பூ அடுக்கி வைத்தாள். வெற்றிலை துப்புகிற சாமான் என்று அவளுக்குத் தெரியாமலா? தெரியும். அழகாய் இருக்கிறது, கழுவினால் போயிற்று என்று நினைத்தாள். மாமிக்கு அது ஒரு பெருநாள் மாதிரி. "துப்புற சாமான்ல பூ வைக்கிறாள், நாளைக்குப் பூச்சாடியில துப்புவாள்" என்று கல்படியில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் சொல்லியனுப்பினாள்.

சாமான் எல்லாம் சேர்ந்தது, மேசை மட்டும் அமையவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்கு என்னத்துக்கு ஊர் மேசை என்று முஸம்மில் மெதுவாய்க் கேட்டார். "ஒங்கட சனத்துக்குத்தான்" என்றாள். கடைசியில் ஒருநாள் மர்சூக் ஆள் அனுப்பினான். போய்ப் பார்த்தால், பலாமரத்தில் ஒரே பலகை. ஓர் ஆள் கைகால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். தேய்ந்து தேய்ந்து பட்டுப்போல இருந்தது. நடுப்பக்கம் கொஞ்சம் பள்ளம். ஓரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. ஒரு கரையில் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாய். ஒரு மூலையில் நெருப்புச் சுட்ட வட்டத் தழும்பு.

"இது என்ன பலகை மர்சூக்?"

"பழைய வலவ்வை ஒண்டுல, பெரிய மனுஷர் வீட்டுக் குசினியில எறச்சி வெட்டின பலகை. அந்த வாய்க்கால்லதான் ரத்தம் ஓடுறது. இதவிடப் பழசு ஒங்களுக்குக் கிடைக்காது."

அவன் பொய் சொன்னானோ, அவனுக்குச் சாமான் கொடுத்தவன் சொன்ன பொய்யைத் திருப்பிச் சொன்னானோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பஸ்லா அதற்குச் சுருள் சுருளாய் இரும்புக்கால் அடித்துப் பொருத்தினாள். எண்ணெயும் மெழுகும் தேய்த்துப் பொலிஷ் ஏற்றினாள். துளைகளுக்கு என்ன செய்வது என்று யோசித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மெழுகுவர்த்தியை நட்டாள். ஏற்றிவிட்டுத் தூரப்போய் நின்று பார்த்தாள். அந்த டொக்டரம்மா வீட்டில்கூட இப்படி ஒரு மேசை இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமி வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பெருநாள் அழைப்பைத் தட்டினால் ஊர் பேசும் என்பதாலும், வீட்டைப் பார்க்கும் ஆசையை அடக்க முடியாததாலும் அவர்கள் வந்தார்கள். மாமி கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால், மஸூதா பின்னால். கூடத்தில் கால் வைத்ததும் இருவரும் நின்றார்கள். மஸூதா குனிந்து அந்தச் சுட்ட தழும்பைப் பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். மாமி மேசையை நெருங்கி, பள்ளம் விழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"உக்காருங்க மாமி."

"இப்ப வாணாம்" என்றாள் மாமி. "எனக்கு நேரம் வந்தா நான் இந்தப் பலகைக்குத்தான் வருவேன்."

மஸூதாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. இருமல் என்று சொல்லிக்கொண்டு வெளியே ஓடினாள். பஸ்லா வைத்த சோறு வைத்தபடி ஆறியது.

அது என்ன பலகை என்று இப்போது சொல்லிவிடுகிறேன், நீங்களும் அவளைப்போல் தெரியாமல் நிற்கவேண்டாம். அது மையித்தை, இறந்த உடலை, குளிப்பாட்டுகிற பலகை. ஊரில் யார் மௌத்தானாலும் பள்ளிவாசலிலிருந்து அந்தப் பலகை வீட்டுக்கு வரும். அதில் கிடத்திக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துவார்கள். அந்த வாய்க்காலில் ஓடினது ரத்தம் இல்லை, மௌத்தானவர்களைக் கழுவின தண்ணீர். அந்தத் தழும்பு, மஸூதாவின் வாப்பாவை, மாமியின் புருஷரை, குளிப்பாட்டிய அன்று யாரோ சாம்பிராணிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டதால் வந்தது. பிறகு பள்ளிக்குச் சில்லுப் பூட்டிய வெள்ளை இரும்பு மேசை ஒன்று வந்தது. பழைய பலகை பின்புறத்துக் கொட்டிலில் விறகோடு கிடந்து, ஒருநாள் யாரோ ஒரு நிர்வாகியின் கைவழியாகப் பழஞ்சாமான் லொறியில் ஏறிப்போனது. பஸ்லா அந்த ஊருக்கு வந்தபின் உள்ளூர் மௌத்து எதிலும் அவளைக் குளிப்பாட்டும் இடத்துக்கு யாரும் சேர்த்ததில்லை. காலும் கையும் சரியில்லாதவள் அல்லவா. அப்படி ஒதுக்கியதால்தான் அவளுக்குப் பலகையைத் தெரியாமல் போனது.

ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. அவளிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் காரணமே இல்லாமல் சீனி இரவல் கேட்டு வருவார்கள். மேசையைப் பார்ப்பார்கள், உட்காரச் சொன்னால் முழங்கால் வலி என்று நிற்பார்கள். ஏற்றிய மெழுகுவர்த்தியோடு மேசையின் படம் தொலைபேசிக்குத் தொலைபேசி பறந்தது. மஸூதா ஒருநாள் காகிதத்தில் சுற்றி ஒரு சாமான் கொடுத்தனுப்பினாள், மேசைக்குத் தெளிக்க என்று. பிரித்துப் பார்த்தால் பன்னீரும் கற்பூரமும். மையித்துக்குக் கடைசியாக ஊற்றும் தண்ணீரில் கலக்கிறவை அவை. பஸ்லாவுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மதினி முதல்முதலாய்க் கொடுத்த சாமான். வாசமாய்த் தெளித்துத் துடைத்தாள். மறுநாள் கல்படியில் எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்று அவளுக்கு எங்கே தெரியும்?

ஒன்றை மட்டும் கவனித்தாள். பெருநாளுக்குப் பிறகு முஸம்மில் சோற்றுப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விடுகிறார். கேட்டால், உள்ளே புழுக்கம் என்பார். மாரிமழை கொட்டி எல்லோரும் சால்வை போர்த்திய காலத்திலும் அவருக்குப் புழுக்கம் தீரவில்லை.

கடைசியில் போட்டு உடைத்தது நோனா. ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் அவள். எல்லோருக்கும் அக்கா முறை, நோனா ராத்தா. சிரிக்கவும் மாட்டாள், மறைக்கவும் மாட்டாள். கறுவாப்பட்டை விற்க வந்தவள் கூடத்தில் மேசையைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்தாள்.

"இங்கயா இருக்க நீ" என்றாள், மனுஷரிடம் பேசுவதுபோல.

"ராத்தா ஆர்ட்டப் பேசுறீங்க?"

"இந்தப் பலகைட்டத்தான். ஒன்ட மாமாட உம்மா, அவங்கட தங்கச்சி, எல்லாரையும் இதுலதான் பொரட்டிக் கழுவினேன். பொலிஷ் எல்லாம் போட்டு மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்க." பிறகு பஸ்லாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் புள்ள, ஒனக்கு ஒருத்தரும் செல்லலியா?"

பஸ்லா மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். உடனே கையை எடுத்தாள். பிறகு, எடுத்த கையை வேண்டுமென்றே திரும்பவும் வைத்தாள். அவள் குணம் அது.

பின்னேரம் முஸம்மில் வந்து தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் கேட்டாள். "ஒங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "வாப்பாவுக்கு நான்தான் தண்ணி ஊத்தினேன்."

"அதான் வெளியில வச்சித் தின்னீங்க. புழுக்கம்."

"செல்லத்தான் நினைச்சேன், பஸ்லா."

"எப்ப? என்னயும் அதுல கிடத்தின பிறகா?"

அவர் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், பேச்சு ஒருத்தியுடையதாய் மட்டும் இருந்தது. அதுவும் கூடிப்போனால் தேவைக்குத்தான்.

பஸ்லா நேரே பள்ளிக்கு ஆள் அனுப்பி, அங்கே தொழவைக்கிற இத்ரூஸ் லெப்பையை வரவழைத்தாள். ஹராமா ஹலாலா, சொல்லுங்கள் என்றாள். லெப்பை வாசல் வளைவுக்கு வெளியிலேயே நின்றார்.

"பலகையில ஒரு அசுத்தமும் இல்ல புள்ள. அது சுத்தமான சாமான்தான். ஆனா அது வக்பு. அல்லாஹ்வுக்காகப் பள்ளிக்குக் கொடுத்தத விக்கவும் ஏலாது, வாங்கவும் ஏலாது. திருப்பித் தந்துடுங்க."

"வித்தவங்க வந்து கேக்கட்டும். சிரிச்சவங்களும் கூட வரட்டும்."

வருவார்களா? வந்து கேட்டால் விற்றதை ஒப்புக்கொண்டதாய் ஆகிவிடும். பள்ளி நிர்வாகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

லெப்பை போகும்போது பஸ்லா இன்னொன்றும் சொல்லிவிட்டாள். "மாமி ஒருநாள் வந்து இதுல உக்காந்து என்ட கையால ஒரு பிடி திங்கட்டும். அடுத்த நிமிஷம் நானே தலையில தூக்கிட்டு வந்து பள்ளியில வைக்கிறேன். இல்லாட்டி இது என்ட சாப்பாட்டு மேசை."

அந்தச் சொல் கல்படி ஏறியது. பதில் அன்றைக்கே இறங்கி வந்தது: "வருவேன்னு செல்லுங்க. உக்காரமாட்டேன்னும் செல்லுங்க."

பஸ்லா விட்டாளா? விடவில்லை. மூன்று வேளையும் அந்த மேசையில், தன்னந்தனியாக, இரும்பு விளக்குக்குக் கீழே உட்கார்ந்து தின்றாள். மெழுகுவர்த்தியும் ஏற்றினாள். ரயிலில் போகிறவர்களுக்கு அது எவ்வளவு அழகாய்த் தெரிந்திருக்கும். முதல் கொஞ்ச நாள் ஒவ்வொரு பிடியையும் தண்ணீர் குடித்துத்தான் இறக்கினாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த கதை. மேலே மாமிக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டாள். போகவில்லை. "என்ட கை பட்டா சுகம் இன்னும் கெடும்" என்றாள். அதுவும் ஊருக்குப் பேச்சானது.

அடைமழை ஓய்ந்து ஓய்ந்து பெய்த ஒரு மத்தியானம், பள்ளி ஒலிபெருக்கியில் மௌத்தானவர் என்று அபீபா மாமியின் பெயரைச் சொன்னார்கள். இன்னா லில்லாஹி என்று பஸ்லாவின் வாய் தானாகச் சொன்னது. அபாயாவைத் தலைவழியாகப் போட்டாள். பிறகு கழற்றினாள். திரும்பவும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், வளைவுக்குள் மஸூதா நிற்கிறாள். நனைந்த கோழிமாதிரி. கேட்டுக்கு வெளியே நாலு ஆம்பிளைகள் குடைபிடித்து நின்றார்கள், உள்ளே வரத் துணியவில்லை.

"பலகை வேணும்" என்றாள் மஸூதா.

"பள்ளியில வெள்ளிமாதிரி மின்னுற மேசை இருக்கே மதினி."

"உம்மா கடைசி ஆசையா வசிய்யத்து செஞ்சிருக்கா. வாப்பாவைக் கழுவின பலகையிலதான் தன்னையும் கழுவணுமாம். பெருநாளைக்கு வந்தப்பவே ஒன்ட முகத்துக்கு நேரதான் சென்னா. நீ கேக்கல."

பஸ்லாவுக்கு மாமி உள்ளங்கையை எடுக்காமல் நின்றது கண்ணுக்குள் வந்தது. "அப்ப ஏன் எனக்கு இது என்னன்னு செல்லல?"

"செல்லியிருந்தா நீ தூக்கி எறிஞ்சிருப்ப. இல்லாட்டிப் பள்ளிக் கொட்டிலுக்குப் போய்க் கறையான் தின்னிருக்கும். உம்மாதான் செல்ல வாணாம்னா. அவள்ட வீட்டுல இருக்கட்டும், எண்ணெய் போட்டுத் தொடச்சி பத்திரமா வச்சிருப்பாள், அது அவளுக்குப் பழகின வேலைன்னா."

"அப்ப நான் இவ்வளவு நாளும் மாமிட பலகைக்குக் காவல் இருந்திருக்கேன்."

"கத்தாமாதானே" என்றாள் மஸூதா. அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

மேசையில் பஸ்லாவின் மத்தியானச் சோறு மூடியபடி இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. மாமிக்குப் பதிலா நீங்க ஒரு பிடி தின்னுங்க. தந்துடுறேன்."

மஸூதா சோற்றைப் பார்த்தாள். பஸ்லாவைப் பார்த்தாள். "உம்மா அங்க கிடக்கிறா. நான் இங்க திங்கவா? நீ தரலாட்டி ஒன்ட வாசக் கதவக் கழட்டிட்டுப் போறேன். அதுவும் பழசுதானே."

ஒருத்திக்கு ஒருத்தி இளைத்தவள் இல்லை. பிறகு பஸ்லா சோற்றுப் பீங்கானைத் தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

"அந்தப் பக்கத்தத் தூக்குங்க" என்றாள்.

கல்படியில் நாலு ஆம்பிளைகள் மேசையை இரும்புக்காலோடு தூக்கிப் போனார்கள். பின்னால் இரண்டு பெண்களும், ஒரு குடையும். குடை மஸூதாவின் கையில் இருந்தது, பஸ்லா அதற்குள் போகவில்லை. முஸம்மில் மேலே வாசலில் நின்றார். மேசையைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரை கட்டிய இடத்தில் நோனா ராத்தா தயாராய் இருந்தாள். பலகையைச் சுற்றி வந்து பார்த்தாள். "இந்த உயரம் நல்லம். என்ட இடுப்புக்கு இதமா இருக்கும்" என்றாள். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் இறங்கவில்லை, குளம்போல் நின்றது.

"துளையெல்லாம் அடைச்சிருக்கே. என்னத்தப் போட்டு அடைச்ச?"

"மெழுகுதிரி" என்றாள் பஸ்லா.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கொண்டை ஊசியை உருவி, முழங்காலில் நின்று, ஒவ்வொரு துளையாய்ச் சிவப்பு மெழுகைக் குத்தி எடுத்தாள். மஸூதா பார்த்துக்கொண்டு நின்றாள், கைகொடுக்கவில்லை. மூலையில் ஒரு துளை மட்டும் இறுகிக் கல்லாய்ப் போயிருந்தது, அது வரவில்லை. போதும் என்றாள் நோனா.

மாமியைக் கிடத்தினார்கள். பள்ளம் விழுந்த இடத்தில் முதுகு அளவெடுத்ததுபோல் அமர்ந்தது. துணியால் மூடி, முறைப்படி நோனா ஆரம்பித்தாள். வாய் துடைக்கிற நேரம் வந்தது. நனைத்த துணியை விரலில் சுற்றி உதட்டையும் பல்லையும் மெல்லத் துடைக்கவேண்டும். மகள் செய்வது வழக்கம். மஸூதாவின் கையிலிருந்து துணி இரண்டு தடவை நழுவி விழுந்தது.

"மருமகள் வா" என்றாள் நோனா.

மஸூதா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நோனா ஒரு பார்வை பார்த்தாள். திரைக்குள் அவள் சொன்னதுதான் சட்டம்.

பஸ்லா விரலில் துணியைச் சுற்றினாள். அவள் ஆக்கிய ஒரு பிடி சோற்றுக்கு ஒருநாளும் திறக்காத வாய் அது. கொஞ்சம் திறந்து கிடந்தது. உதட்டோரத்தில் காய்ந்த கஞ்சித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. மேலே வந்து சேர்கிற வரைக்கும் அவள் நெஞ்சுக்குள், ஜெயித்துவிட்டேன், மாமி மேசைக்கு வந்துவிட்டாள் என்று ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கஞ்சித் துணுக்கைக் கண்டதும் அது எங்கேயோ போய்விட்டது. உதட்டைத் துடைத்தாள். பல்லைத் துடைத்தாள். டொக்டரம்மாவின் வெள்ளிக் கரண்டியைத் துடைக்கிற மாதிரி, ஒன்றும் விட்டுப்போகாமல் துடைத்தாள். "எல்லாம் சரி மாமி" என்று அவள் சொன்னதாக நோனா பிறகு சொன்னாள். பஸ்லா இல்லை என்கிறாள். இல்லையென்றால் இல்லைதான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கத்தம் ஓதிய அன்று, இத்ரூஸ் லெப்பை ஆட்களோடு மாமி வீட்டுக்குப் பலகையை எடுக்க வந்தார். இந்த முறை பஸ்லா மறுக்கவில்லை. மாமி வந்தால் தருவேன் என்று சொன்னவள் அவள், மாமி வந்துவிட்டாள். ஆனால் ஆட்கள் இரும்புக்காலைக் கழற்றப் போனபோது குறுக்கே நின்றாள்.

"பலகை பள்ளிட. கால் என்ட. ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும்."

"மையித்துக் குளிப்பாட்ட என்னத்துக்குப் புள்ள இந்தச் சுருட்டுக் கால்?"

"நோனா ராத்தாட இடுப்புக்கு. வேணும்னா அவங்கட்டக் கேளுங்க."

லெப்பைக்கு நோனாவிடம் கேட்கத் துணிவில்லை. அப்படியே தூக்கச் சொன்னார். இன்றைக்கும் அந்தப் பள்ளியில் போய்ப் பார்த்தால், பாகல்கொடிபோலச் சுருண்ட ஸ்பெயின் நாட்டுக் கால்களோடு அந்தப் பலகை நிற்கிறது. பெண் மையித்து என்றால் நோனா அதைத்தான் கொண்டுவரச் சொல்வாள். ஊரில் அதற்குப் பெயர் கத்தாமா மேசை. மூலைத் துளையில் சிவப்பு மெழுகு இன்னும் இருக்கிறது.

மேசை கல்படியில் இறங்கிப் போவதை மஸூதா வாசலில் நின்று பார்த்தாள். கூடத்தில் கத்தச் சோறு சஹன் தாம்பாளத்தில் பரிமாறியிருந்தது. நாலைந்து பேர் வட்டமாய் உட்கார்ந்து, பஸ்லாவுக்கு இடம் விட்டிருந்தார்கள். பஸ்லா செருப்பைத் தேடினாள்.

"திங்காமப் போனா ஊர் பேசும்" என்றாள் மஸூதா.

"பேசட்டும். நீங்க என்ட மேசையில தின்ன அன்றைக்கு நான் இங்க திங்கிறேன்."

"அந்த மேசைதான் போயிட்டே."

"எங்க போனது? பள்ளியிலதானே இருக்கு. இந்த ஊர்ல ஒரு பொம்பிள மிச்சமில்லாம எல்லாரும் அதுக்கு வரத்தானே வேணும். நீங்களும் வருவீங்க மதினி."

மஸூதா முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீ முந்திட்டா?"

பஸ்லா படியில் இறங்கியவள் திரும்பி நின்றாள்.

"நான் முந்திட்டா, நீங்கதான் எனக்குத் தண்ணி ஊத்தணும். அன்றைக்கு வாறப்ப கைய நல்லாக் கழுவிட்டு வாங்க."